ரப்பரைக் காக்கும் வெப்பமும் கெடுக்கும் வெப்பமும்

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

பால் வெட்டும் கலையைப் பற்றி உங்களுக்கு எடுத்துச் சொல்ல நான் இங்கு வரவில்லை. பொழுது புலருமுன் எழுந்து, பட்டையில் உளி எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கையாலேயே அறிந்தவர்கள் நீங்கள். நான் பேச எடுத்துக்கொண்டது, அந்தப் பால் வாளியை விட்டு நீங்கிய பிறகு அதற்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றியாகும். குறிப்பாக, புகைக்கூடத்திலும் ஸ்டோரிலும் கிடங்கிலும் வெப்பத்தை எப்படிக் கூட்டுவது, எப்படிக் குறைப்பது, எதற்காக அவ்வாறு செய்கிறோம் என்பனவற்றைப் பற்றியாகும்.

இது என்ன பெரிய காரியம் என்று சிலர் எண்ணக்கூடும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது போல என்று நம் பெரியோர் சொல்வதுண்டு. மரத்தில் குறையில்லை, வெட்டில் குறையில்லை, பாலில் தண்ணீர் கலக்கவில்லை, எல்லாம் ஒழுங்காக நடந்த பிறகு, ஓர் இரவு அடுப்பு அணைந்துபோனதாலோ, ஒரு மழை வாரத்தில் கிடங்கின் சன்னல்கள் திறந்தே கிடந்ததாலோ, நல்ல சரக்கு பூசணம் பூத்துக் கீழ்த்தரத்துக்கு இறங்கிவிடுகிறது. அந்த நட்டம் வாங்குபவனுக்கு அன்று, விற்பவனுக்கே. விற்பவனின் பின்னால் நிற்கும் உழைப்பாளிக்கும் அதில் பங்குண்டு. ரப்பர் விலையோடு ஊதியத்தை இணைத்த ஒப்பந்தங்கள் நம் நாட்டில் நெடுங்காலம் வழக்கில் இருந்ததை மூத்த தோழர்கள் அறிவார்கள். 1960-ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தபோது, தொழிலாளியே தோட்டத்தின் பங்காளியானான். சிறுதோட்டக்காரருக்கோ ஒவ்வொரு கிலோவும் வீட்டுச் செலவுப் பணமாகும். ஆகவே, சரக்கின் தரம் நிர்வாகத்தின் கவலை மட்டும் என்று நாம் ஒதுங்கியிருக்க இயலாது.

காலம் மாறியிருக்கிறது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. நாட்டின் ரப்பரில் மிகப் பெரும் பகுதி இன்று சிறுதோட்டங்களிலிருந்தே வருகிறது. அதிலும் பெரும்பாலானது மங்கிலேயே உறைந்த கட்டியாகச் சென்று, ஆலையில் எஸ்.எம்.ஆர். என்னும் தரக்கட்டி ரப்பராக ஆகிறது. இந்தத் தரத்திட்டம் 1965-இல் தொடங்கப்பெற்றது. ஆயினும், ஷீட் என்று நாம் வழங்கும் புகையூட்டிய ரப்பர்த் தகட்டின் பாடத்தை அறிந்தவன், கட்டி ரப்பரின் பாடத்தையும் எளிதில் அறிந்துகொள்வான். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே.

அடிப்படை என்ன?

ரப்பருக்கு எதிரிகள் மூவர். ஒருவன் ஈரம், மற்றவன் மிகை வெப்பம், மூன்றாமவன் வெயில். ஈரத்தை விரட்ட வெப்பம் வேண்டும். ஆனால் அந்த வெப்பமே அளவு மீறினால் ரப்பரைக் கெடுத்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் நடப்பதே நம் தொழிலின் நுட்பம்.

வெப்பம் ஈரத்தை எப்படி விரட்டுகிறது? அடுப்பு தண்ணீரைக் கொதிக்க வைத்து விரட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. காற்று சூடேறினால் அதற்குத் தாகம் அதிகமாகிறது, அவ்வளவுதான். 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று, ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதே அளவு காற்று 50 பாகையில் 83 கிராம் வரையிலும், 60 பாகையில் 130 கிராம் வரையிலும் தாங்கும். நம் நாட்டில் சாதாரண நாளில் காற்றின் ஈரம் 80 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் 24 கிராம் நீராவி முன்பே இருக்கிறது. இன்னும் 6 கிராமுக்கே இடமுண்டு. அதனால்தான் நிழலில் தொங்கவிட்ட ஷீட் நாள் கணக்கில் உலராமல் பூசணம் பூக்கிறது. அதே காற்றை 50 பாகைக்குச் சூடாக்கினால் அதன் ஈரம் 30 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. இப்போது அது தாகம் கொண்ட காற்று. ஷீட்டைத் தழுவிச் செல்லும்போது நீரை உறிஞ்சிக்கொள்ளும்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். உறிஞ்சிய காற்று வெளியே போக வழி வேண்டும். அடுப்பை மட்டும் எரித்துவிட்டுக் காற்றுப்போக்கிகளை மூடிவைத்தால், சூடான காற்றும் நிரம்பிப்போய் நின்றுவிடும். வெப்பமானி நல்ல அளவைக் காட்டும்; ஷீட்டோ உலராது. வெப்பமும் காற்றோட்டமும் இரட்டை மாடுகள். ஒன்று மட்டும் இழுத்தால் வண்டி நகராது.

புகைக்கூடத்தின் நான்கு நாட்கள்

வடிகட்டி நீர்சேர்த்த பாலை ஃபார்மிக் அமிலம் இட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்து, ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனமுள்ள தகடாக்குகிறோம். கடைசி உருளை அதன்மேல் வரிகளைப் பதிக்கிறது. அந்த வரிகள் அழகுக்காக ஏற்பட்டவை அல்ல. அவை ஷீட்டின் மேற்பரப்பைப் பெருக்கிக் காற்று படும் இடத்தை அதிகமாக்குகின்றன. அடுக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டுவதையும் குறைக்கின்றன. பிறகு நன்றாகக் கழுவி, நிழலில் தொங்கவிட்டு, சில மணி நேரம் நீர் சொட்டவிட வேண்டும். சொட்டச் சொட்டப் புகைக்கூடத்தில் ஏற்றினால், விறகின் பெரும்பகுதி அந்த நீரை விரட்டுவதிலேயே வீணாகிவிடும்.

கூடத்தில் முதல் நாள் வெப்பம் 40 முதல் 45 பாகை வரையில் இருப்பது போதும். அன்று காற்றுப்போக்கிகள் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். ஏனெனில் மிகுதியான நீர் வெளியேறுவது அன்றுதான். இரண்டாம் நாள் 45 முதல் 50 பாகை. மூன்றாம் நாள் 50 முதல் 55 பாகை. நான்காம் நாள் 55 முதல் 60 பாகை என்று படிப்படியாக உயர்த்தி, காற்றுப்போக்கிகளையும் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். 60 பாகையைத் தாண்டலாகாது.

முதல் நாளே ஏன் 60 பாகைக்கு உயர்த்தக் கூடாது, விரைவில் உலர்ந்துவிடுமே என்று கேட்கலாம். ஈர ஷீட் திடீர்ச் சூட்டைப் பொறுக்காது. மேற்பரப்பு முதலில் உலர்ந்து தோலாகி, உள்ளேயுள்ள நீருக்கு வழியடைத்துவிடும். உள்ளே சிக்கிய நீராவியும் காற்றும் குமிழ்களாகக் கொப்பளிக்கும். ஷீட் மென்மையாகித் தன் எடையாலேயே நீண்டு தொங்கும். கம்பில் படிந்த இடம் மெலிந்துவிடும். தர ஆய்வாளர் ஷீட்டை ஒளிக்கெதிரே பிடித்துப் பார்க்கும்போது இந்தக் குமிழ்கள் அவர் கண்ணுக்குத் தப்புவதில்லை.

வெப்பம் குறைந்தாலும் கேடுதான். முதல் நாளில் கூடம் சூடேறாமல் கிடந்தால், ஷீட்டின் மேல் படிந்துள்ள பால்நீரில் நுண்ணுயிர்கள் பெருகி, துரு என்று நாம் சொல்லும் பழுப்பு நிறத் தோல் படரும். ஷீட்டை இழுத்தால் அது செதில் செதிலாக உதிரும். உலர்வது தாமதப்பட்டால் பூசணமும் சேர்ந்துகொள்ளும்.

இவற்றையெல்லாம் உலகத் தர நூல் எண்ணிக் கணக்கிடுகிறது. புகையூட்டிய ஷீட்டின் இரண்டாம் தரத்தில், ஆய்வுக்கெடுத்த கட்டுகளில் 5 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில் துருவோ பூசணமோ குறிப்பிடத்தக்க அளவில் தெரிந்தால் வாங்குபவர் மறுக்கலாம். மூன்றாம் தரத்துக்கு இந்த எல்லை 10 விழுக்காடு. நான்காம் தரத்துக்கு 20. ஐந்தாம் தரத்துக்கு 30. ஒவ்வொரு படியும் விலையில் ஓர் இறக்கம். ஓர் இரவில் தூங்கிவிட்ட அடுப்பு, நூறு பேர் வெட்டிய பாலை ஒரு படி இறக்கிவிடக் கூடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

புகை எதற்கு?

அமேசான் காட்டு மக்கள், பனையினக் கொட்டைகளை எரித்து எழும் புகையில் மரத்துடுப்பைக் காட்டி, அதன்மேல் பாலை ஊற்றி ஊற்றி உருண்டையாக்கினார்கள். புகைபட்ட ரப்பர் கெடாது என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டார்கள். விறகுப் புகையில் உள்ள கிரியோசோட்டுப் போன்ற பொருள்கள் பூசணத்தைத் தடுக்கின்றன என்பதைப் பிற்கால அறிவியல் விளக்கிற்று. ஆகவே, உலர்த்துவது வெப்பத்தின் வேலை. காப்பது புகையின் வேலை. புகையின்றி வெப்பக் காற்றால் மட்டும் உலர்த்தினால் வெளிறிய தேன்நிற ஷீட் கிடைக்கும். அதற்கும் தனிச் சந்தை உண்டு. ஆனால் பூசணத்துக்கு எதிரான காவல் அதற்குக் குறைவு. புகை மிஞ்சினாலோ ஷீட் கறுத்து, தரம் குறையும்.

சூடேற்றும் வழிகள்

கூடத்துக்குள்ளேயே குழிவெட்டி எரிப்பது பழைய முறை. செலவு குறைவு; ஆனால் அடுப்புக்கு நேர்மேலே சூடு மிகுந்தும், மூலைகளில் குறைந்தும் இருக்கும். ஷீட் கழன்று நெருப்பில் விழும் அபாயமும் உண்டு. அடுப்பை வெளியே அமைத்து, தரைக்கடியில் குழாய்வழியாகப் புகையையும் சூட்டையும் உள்ளே செலுத்துவது சிறந்த முறை. இதை இன்னும் திருத்தி, நீண்ட சுரங்கம் போன்ற கூடமாக அமைத்தார்கள். ஒரு கோடியில் ஈர ஷீட் ஏற்றிய தள்ளுவண்டி நுழையும். நாளுக்கு ஒரு கட்டமாக நகர்ந்து, சூடு மிகுந்த மறுகோடியில் உலர்ந்து வெளிவரும். இம்முறையில் கூடத்தின் வெப்பத்தை நாள்தோறும் மாற்ற வேண்டியதில்லை. வண்டியை நகர்த்தினாலே போதும். விறகும் மிச்சம், ஒரே சீரான ஷீட்டும் கிடைக்கும்.

எண்ணெய், எரிவாயு ஆகியவற்றால் காற்றைச் சூடாக்கி விசிறியால் செலுத்தும் முறையும் உண்டு. தரக்கட்டி ரப்பர் ஆலைகளில் இம்முறையே நடைபெறுகிறது. அங்கே ரப்பரைச் சிறு துணுக்குகளாக நறுக்கிவிடுவதால், 100 பாகைக்கு மேற்பட்ட காற்றில் சில மணி நேரத்திலேயே உலர்ந்துவிடும். வெயிலின் சூட்டைக் கண்ணாடிக் கூரையாலும் கறுப்புத் தகட்டாலும் பிடித்துக் காற்றைச் சூடாக்கும் முறை விறகைக் குறைக்க உதவும். ஆனால் இரவிலும் மழையிலும் அடுப்புத் துணை அதற்கு வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: வெயிலால் காற்றைச் சூடாக்குவது வேறு, ஷீட்டையே வெயிலில் காயப்போடுவது வேறு. நேர் வெயில் பட்ட ரப்பர் சிதைந்து பிசுபிசுத்துவிடும். வேலியிலும் கொடியிலும் ஷீட்டைக் காயவைக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. அதை விட்டுவிடுவதே நலம்.

விறகைப் பற்றி ஒரு சொல். ஈர விறகு தன் சூட்டில் ஒரு பகுதியைத் தன்னை உலர்த்தவே செலவிடுகிறது, எஞ்சியது புகை. முறித்த பால்மரத்தை வெட்டி, கூரையின் கீழ்க் காற்றோட்டமாகச் சில வாரங்கள் அடுக்கிவைத்து எரித்தால் அடுப்பு சீராக நிற்கும். பின்னிரவு 2 மணிக்கு அடுப்பைத் தூங்கவிட்டு, விடியற்காலையில் ஒரேயடியாக விறகைத் திணிப்பது, குறைசூட்டின் கேட்டையும் மிகைசூட்டின் கேட்டையும் ஒரே நாளில் வரவழைத்துக்கொள்வதாகும். இரவுக்காவலில் உள்ளவருக்கு நம்பகமான ஒரு வெப்பமானியும், மணிக்கணக்கில் அளவைக் குறிக்க ஒரு நோட்டுப் புத்தகமும், அவரை மாற்றிவிட இன்னொருவரும் தேவை. இதை நிர்வாகத்திடம் கேட்டுப் பெறுவதில் தயக்கம் வேண்டியதில்லை. அதனால் இருதரப்புக்கும் ஆதாயமே.

சூடு தணிந்த பிறகே கட்டு

உலர்ந்த ஷீட்டை உடனே அடுக்கி அழுத்திக் கட்டுவது பெருந்தவறு. ரப்பர் வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள். சூடாக அழுத்திய கட்டின் நடுவில் அந்தச் சூடு நாள் கணக்கில் தங்கிவிடும். ஷீட்டுகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். ரப்பரின் வலிமையும் குன்றும். தரக்கட்டி ரப்பருக்கும் இதே விதிதான். 33⅓ கிலோ எடையுள்ள கட்டி ஒவ்வொன்றும் சூடு தணிந்த பிறகே பாலித்தீன் தாளில் சுற்றப்பட வேண்டும். ரப்பர் சூட்டை எவ்வளவு தாங்கும் என்பதை அளக்க, ஆய்வுக்கூடத்தில் அதை 140 பாகையில் 30 நிமிடம் வைத்து, மென்மை எவ்வளவு மாறியது என்று பார்க்கிறார்கள். எஸ்.எம்.ஆர். 10 என்ற தரத்துக்கு இந்த எண் 50-க்குக் குறையலாகாது; எஸ்.எம்.ஆர். 20-க்கு 40-க்குக் குறையலாகாது. உலர்த்தும்போது சுட்டதும், சூட்டோடு கட்டியதும் இந்த எண்ணிக்கையில் வெளிப்பட்டுவிடும்.

ஆகவே, ஷீட்டைக் கூடத்திலிருந்து இறக்கி, நிழலான, காற்றோட்டமான அறையில் ஆறவிட்டு, ஒளியில் பார்த்து, வெண்புள்ளி தெரியும் ஷீட்டை மீண்டும் கூடத்துக்கு அனுப்பி, நன்றாக உலர்ந்ததை மட்டுமே கட்ட வேண்டும்.

கிடங்கைக் குளிர்விக்கும் வழிகள்

இனிக் கிடங்குக்கு வருவோம். நண்பகலில் தகரக் கூரை 60 பாகையையும் தாண்டிச் சுடும். கூரைக்கு நெருக்கமாக அடுக்கிய சரக்கின் மேல் அந்த அனல் நேராக இறங்குகிறது. பழைய அத்தாப்புக் கூரை குளிர்ச்சி தந்தது. ஆனால் தீக்கு அஞ்ச வேண்டியிருந்தது. தகரம் தீக்கு நல்லது, அனலுக்குப் பொல்லாதது. இதற்கு என்ன செய்வது?

செலவில்லாத வழிகள் முதலில். சரக்கைச் சுவரோடும் கூரையோடும் நெருக்காமல், சுற்றிலும் ஆள் நடக்க இடம் விட்டு அடுக்க வேண்டும். சிமெண்டுத் தரையில் நேரே வைக்காமல் மரச்சட்டங்களின்மேல் வைக்க வேண்டும். தரை எப்போதும் குளிர்ந்திருப்பதால், ஈரக்காற்று அதில் பட்டு வியர்க்கும். முதலில் வந்த சரக்கு முதலில் போக வேண்டும்.

சிறு செலவில் முடிவன அடுத்து. கூரையின் வெளிப்புறம் வெள்ளை வண்ணம் பூசினால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிவிடும். கூரைக்குக் கீழே ஓர் உட்கூரை அமைத்தால், இடையில் உள்ள காற்று அனலைத் தடுக்கும். சூடான காற்று மேலேறும் இயல்புடையதாதலால், கூரை முகட்டில் அது வெளியேற வழியும், சுவரின் அடிப்பகுதியில் புதிய காற்று நுழைய வழியும் வைத்தால், கிடங்கு தானே மூச்சுவிடும். நீண்ட இறவாரம் மழைச் சாரலையும் தாழ்ந்த வெயிலையும் தடுக்கும். புதிதாகக் கட்டும்போது, நீண்ட சுவர்கள் வடக்கையும் தெற்கையும் நோக்கி இருக்குமாறு அமைத்தால், காலை மாலை வெயில் குறுகிய சுவர்களில் மட்டுமே விழும்.

சன்னலை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதில் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். இரவுக் காற்று குளிர்ச்சியானது என்று கருதி இரவெல்லாம் திறந்துவைக்கிறார்கள். ஆனால் நம் நாட்டு இரவுக் காற்று ஈரம் நிறைந்தது. விடியற்காலையில் 90 விழுக்காட்டையும் மிஞ்சும். ரப்பருக்கு 30 பாகை வெப்பம் தீங்கன்று, ஈரமே தீங்கு. ஆகவே, மழையில்லாத நாளில் காலை 10 மணியளவில் திறந்து, மாலை 4 மணியளவில் மூடுவதே கிடங்குக்கு ஏற்றது. ஆள் உறங்கும் அறைக்கும் சரக்கு உறங்கும் அறைக்கும் விதி ஒன்றன்று.

விசிறிகள் காற்றை நகர்த்தும்; வெப்பத்தைக் குறைக்கமாட்டா. எனினும், மூலைகளில் தேங்கும் ஈரத்தைக் கலைக்க அவை உதவும். அங்கே வேலை செய்வோரின் வியர்வையை உலர்த்திக் களைப்பையும் குறைக்கும். தண்ணீர் நனைத்த திரையின் வழியாகக் காற்றை இழுத்துக் குளிர்விக்கும் கருவிகளை வறண்ட நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். நம் நாட்டிலோ காற்று முன்பே நிரம்பியிருப்பதால், குளிர்ச்சி சிறிதே கிடைக்கும். கிடங்கில் ஈரம் கூடும். ரப்பர்க் கிடங்குக்கு அது ஏற்றதன்று. குளிர்சாதன இயந்திரம் வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்துக் குறைக்கும். ஆனால் மின்கட்டணம் மிகுதி. கதவைத் திறந்ததும் உள்ளே புகும் ஈரக்காற்று குளிர்ந்த சரக்கின்மேல் வியர்வையாகப் படியும். உலர்ந்த ரப்பருக்கு அத்தகைய செலவு தேவையில்லை. நிழல், காற்றோட்டம், உலர்ந்த தரை ஆகிய மூன்றுமே போதும்.

அமோனியா சேர்த்த அடர்பாலுக்குக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். 60 விழுக்காடு ரப்பர் அடங்கிய அந்தப் பாலை, 0.7 விழுக்காடு அளவுள்ள அமோனியா கெடாமல் காக்கிறது. தொட்டி வெயிலில் சுட்டால் அமோனியா ஆவியாகித் தப்பும். காவல் நீங்கியதும் பால் கெடும். ஆகவே, தொட்டிக்குக் கூரை நிழலும் வெள்ளை வண்ணமும் இறுக்கமான மூடியும் வேண்டும். அமோனியாச் சிலிண்டர்களை ஒருபோதும் வெயிலில் நிறுத்தலாகாது. சூடேறச் சூடேற உள்ளழுத்தம் உயரும்.

குளிர்நாட்டில் நம் ரப்பர்

நாம் இங்கே குளிர்ச்சியைத் தேடுகிறோம். கடல் கடந்து சென்ற நம் ரப்பரோ அங்கே சூட்டைத் தேடுகிறது! குளிர்நாட்டுக் கிடங்கில் பனிக்காலம் முழுவதும் கிடந்த ரப்பர், மரக்கட்டை போல் இறுகிவிடும். அது கெட்டுப்போனதால் அன்று. ரப்பரின் நீண்ட இழைகள் குளிரில் ஒழுங்காக அணிவகுத்துப் படிகமாகிவிடுகின்றன. உறைநிலைக்குக் கீழே 25 பாகை அளவில் இது மிக விரைவாக நிகழும். உறைநிலைக்குச் சற்று மேலேயும் மாதக் கணக்கில் மெல்ல நிகழும். இயந்திரத்தில் இட்டால் பற்சக்கரமே உடையக்கூடும். எனவே, ஒரு காலத்தில் டயர் உற்பத்திக்குப் பெயர்பெற்றிருந்த அமெரிக்காவின் ஆக்ரன் போன்ற பனிவிழும் ஊர்களின் ஆலைகளில், கட்டுகளை வெப்ப அறையில் வைத்து இளக்கிய பிறகே வேலையைத் தொடங்க முடிந்தது. ரப்பர் சூட்டைக் கடத்தாத பொருளாதலால், பெரிய கட்டு நடுப்பகுதி வரை இளகப் பல நாள் பிடிக்கும். பழைய 250 ராத்தல் கட்டுக்குப் பதிலாக 33⅓ கிலோ கட்டி விரும்பப்பட்டதற்கு, தூக்குவது எளிது என்பதோடு விரைவில் இளகும் என்பதும் ஒரு வசதியாகும். அடர்பாலுக்கோ குளிரும் பகைதான். அது உறைந்துவிட்டால் பிரிந்துபோய், மீண்டும் பழைய பாலாகாது.

உங்கள் உயிர் முதலில்

சரக்கைக் காக்கும் ஆளைக் காக்காமல் சரக்கைக் காத்து என்ன பயன்? இதையே இறுதியாக வற்புறுத்த விரும்புகிறேன்.

புகைக்கூடத்தில் அரைகுறையாக எரியும் விறகிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு எழுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் ஆகியவை அதன் முதல் அறிகுறிகள். கூடத்துக்குள் நுழையுமுன் கதவுகளையும் காற்றுப்போக்கிகளையும் திறந்து, புகை நன்றாக வெளியேறக் காத்திருக்க வேண்டும். தனியே நுழையலாகாது, வாசலில் ஒருவர் நிற்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், ஆத்திரப்பட்டு உள்ளே பாய்ந்தவரும் விழுந்துவிடுவார். முதலில் எல்லாக் கதவுகளையும் திறந்து காற்றை விட்டு, உதவிக்கு ஆள் சேர்த்து, 999 எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

அனலில் வேலை செய்பவர் தாகம் எடுக்கக் காத்திராமல், அவ்வப்போது நீர் அருந்த வேண்டும். வியர்வை திடீரென நின்று, உடல் கொதித்து, பேச்சுக் குழறினால் அது வெப்பத் தாக்குதலாகும். அவரை உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, உடையைத் தளர்த்தி, உடலில் நீரூற்றி விசிறிக்கொண்டே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

ரப்பரில் பற்றிய தீ எளிதில் அணையாது. கரும்புகை கண்ணை மறைக்கும். அடுப்புக்கு மேலே கம்பிவலையோ இரும்புத் தகடோ இருக்க வேண்டும். கம்பிலிருந்து கழன்ற ஷீட்டை அன்றன்றே எடுத்துவிட வேண்டும். மணல்வாளியும் தண்ணீர்க் குழாயும் வாசலருகே இருக்க வேண்டும். வெளியேறும் வழியில் ஒரு கட்டுக்கூட அடுக்கலாகாது.

1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், வேலையிடத்தைப் பாதுகாப்பாக வைக்கும் கடமையை முதலாளிமீது சுமத்துகிறது. 2022-இல் நிறைவேறி, 2024 ஜூன் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த திருத்தம், உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகக் கருதும் தொழிலாளி, அந்த ஆபத்தை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், அவ்விடத்தை விட்டு விலகும் உரிமையைத் தந்திருக்கிறது. உரிமையை அறிந்திருப்பதும், கொடுத்த காப்புக் கருவியை ஒழுங்காக அணிவதும் நம் இருகைகள் போன்றவை.

நண்பர்களே, நான் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெரிய முதல் வேண்டியதில்லை. ஒரு வெப்பமானி, உலர்ந்த விறகு, ஒழுங்காகத் திறந்து மூடும் ஒரு சன்னல், சில மரச்சட்டங்கள், ஒரு வாளி வெள்ளை வண்ணம், அவற்றோடு விழிப்புள்ள ஒரு மனிதர். இவை இருந்தால், நீங்கள் விடியலில் சேர்த்த பால் தன் முழு விலையைப் பெறும். அந்த விழிப்புள்ள மனிதருக்கு உரிய ஓய்வும் பாதுகாப்பும் கிடைக்கச் செய்வது நம் எல்லோருடைய பொறுப்புமாகும். அடுத்த முறை புகைக்கூடத்தைக் கடந்து செல்லும்போது, வெப்பமானியை ஒரு கணம் பாருங்கள். அங்கே நிற்பவரிடம் நலமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.